பல் சீரமைப்பு மருத்துவரிடம் முதல்முறை செல்லும்போது

பல் சீரமைப்பியல் என்பது வரிசை தவறி முளைத்த பற்களையும், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத தாடைகளையும் சீர்செய்யும் பல் மருத்துவப் பிரிவு ஆகும். பேச்சு வழக்கில் 'பல்லுக்குக் கம்பி போடுவது', 'கிளிப் போடுவது' என்று சொல்லப்படுவது இதுவே. தெற்றுப்பல், எத்துப்பல், பல் நெருக்கம், பல் இடைவெளி, கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்றல் ஆகியவை இம்மருத்துவரிடம் செல்வதற்கான பொதுவான காரணங்கள்.

முதல்முறை செல்வோரில் பலர் அன்றைக்கே கம்பியை மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணுகின்றனர். 'கிளிப் போட வேண்டியிருப்பதால் ஒருநாள் விடுப்பு வேண்டும்' என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெறும் பல்லோடு வந்து நிற்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் என்பது பார்ப்பதற்கும் அளப்பதற்கும் பேசுவதற்குமான நாள். சிகிச்சை பொதுவாக ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை நீளும். சிலருக்கு நல்ல நிலையில் உள்ள பற்களையே எடுக்க நேரும். எடுத்த பல் திரும்ப முளைக்காது. எனவே அவசரப்படாமல் கணக்கெடுக்க ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது.

பல் எப்படி நகர்கிறது

மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மட்டும் தெரிந்திருந்தால் போதும். பல் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள ஒரு நார்த்திசு உள்ளது. மெல்லிய, தொடர்ந்த விசையைப் பல்லின்மீது செலுத்தினால், அது சாயும் பக்கத்தில் உள்ள எலும்பைச் சில செல்கள் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு செல்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. இவ்வாறு பல் மெதுவாக இடம் பெயர்கிறது. மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்பது பொதுவான வேகம். விசையைக் கூட்டினால் வேகம் கூடாது, வேருக்குத்தான் கேடு. 'சீக்கிரம் முடித்துத் தர முடியுமா?' என்ற கேள்விக்கு மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான்.

யாரிடம் செல்வது

பல் மருத்துவர் அனைவரும் பி.டி.எஸ். பட்டம் பெற்றவர்கள். அதன்பின் மூன்றாண்டுகள் பல் சீரமைப்பியலை மட்டும் படித்து எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரே பல் சீரமைப்பு மருத்துவர். எம்.டி.எஸ். படிப்பில் வேர் சிகிச்சை, ஈறு நோய், செயற்கைப் பல் எனப் பல பிரிவுகள் உள்ளன. ஆகவே 'எம்.டி.எஸ்.' என்று பலகையில் இருப்பது மட்டும் போதாது; எந்தப் பிரிவு என்று கேட்டறிய வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

சிறு ஊர்களில் உள்ள பல் மருத்துவமனைகள் பலவற்றுக்குச் சீரமைப்பு மருத்துவர் வாரத்தில் அல்லது மாதத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் வந்து செல்வார். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு அந்த நாளில் செல்வது அலைச்சலைக் குறைக்கும். செலவு பெரும் தடையாக இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்கி வருகிறது. கல்லூரி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை அளிப்பர். செலவு குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். தொடங்கிய மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டால் உங்கள் பொறுப்பு அடுத்த மாணவருக்கு மாற்றப்படும். அது இயல்பான நடைமுறைதான். எனினும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எந்த வயதில்

'எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது வீடுகளில் சொல்லப்படும் பேச்சு. இது பாதி உண்மை. கம்பி போடும் சிகிச்சை பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. ஆனால் முதல் பரிசோதனையை 7 வயதளவில் செய்துகொள்ளலாம் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அந்த வயதில் முதல் நிலைப் பின்கடைவாய்ப் பற்களும் சில வெட்டுப்பற்களும் முளைத்திருக்கும்; தாடை வளர்ச்சி எப்படிப் போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படிச் சென்ற குழந்தைகளில் பலருக்கு 'இப்போது ஒன்றும் வேண்டாம், ஓராண்டு கழித்து வாருங்கள்' என்பதே பதிலாக இருக்கும்.

7 வயது முதல் 12 வயதுக்குள் மேல் முன்பற்கள் விரிந்து, நடுவில் சந்து விழுந்து காணப்படுவது பெற்றோரைக் கலங்கச் செய்யும் ஒரு காட்சி. இது பெரும்பாலும் நோயன்று. உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் வெட்டுப்பற்களின் வேர்களைத் தள்ளுவதால் இந்தச் சந்து உண்டாகிறது. கோரைப்பற்கள் முளைத்து இடம் பிடித்ததும் சிறிய சந்துகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று பெயர்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள்ளன. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் போய் மாட்டுவது, கீழ்த்தாடை முன்னே வளர்வது, வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக விலகுவது, ஒரு பக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல் வராதிருப்பது, நிலைப்பற்கள் வந்த பிறகும் கைசூப்புவது, எப்போதும் வாயால் மூச்சு விடுவது ஆகியவை இருந்தால் வயதைப் பாராமல் காட்ட வேண்டும். தாடை வளரும் வயதில் சில கருவிகளால் வளர்ச்சியைத் திருப்ப முடியும். வளர்ச்சி நின்றபின் அதே குறைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

பெரியவர்களுக்கு மேல்வரம்பு வயது கிடையாது. ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் 40 வயதிலும் பல் நகரும். நம் ஊரில் காணப்படும் சிக்கல் வேறு. பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமான பிறகு, 'ஆறு மாதத்தில் தேதி' என்று சொல்லிக்கொண்டு வருவோர் உள்ளனர். முழுச் சிகிச்சை அந்தக் காலத்தில் முடியாது. மருத்துவர் முடியாது என்றதும் வேறிடம் சென்று, நல்ல பல்லைத் தேய்த்து உறை போட்டுக்கொள்கிறார்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் கேட்கப்படும் கேள்விகள்

நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஒரு படிவம் தரப்படும். அல்லது மருத்துவரே கேட்டு எழுதிக்கொள்வார். இதய வால்வுக் குறைபாடு, வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, ரத்தம் உறையாமை, உட்கொள்ளும் மருந்துகள், நிக்கல் அல்லது ரப்பர் ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் கூற வேண்டும். கவரிங் நகை போட்டால் அரிப்பு வரும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். பல் கம்பிகள் பலவற்றில் நிக்கல் உள்ளது. சிறு வயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால் அதுவும் முக்கியம். அப்படிப்பட்ட பல்லை நகர்த்தும்போது கூடுதல் கவனம் தேவைப்படும்.

சில கேள்விகள் வீட்டாருக்கு வியப்பாக இருக்கும். 'அண்மையில் உயரம் கூடியிருக்கிறதா? சட்டை, செருப்பு அளவு மாறியதா?' என்று கேட்பார்கள். சிறுமியாக இருந்தால் பூப்பெய்திவிட்டாளா, எப்போது என்றும் கேட்பார்கள். தாய்மார் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. பெண் குழந்தைகளின் வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொட்ட சிறிது காலத்திற்குள் பூப்பு நிகழ்வதால், தாடை இன்னும் எவ்வளவு வளரும் என்று கணிக்க இந்தத் தகவல் உதவுகிறது. அப்பா, அம்மா, தாத்தா ஆகியோரின் தாடை அமைப்பையும் கேட்பர். கீழ்த்தாடை முன்துருத்தல் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. அதனால் பெற்றோரில் ஒருவராவது முதல் நாள் உடன் செல்வது நல்லது.

நாதஸ்வரம், புல்லாங்குழல் போன்றவற்றைப் பழகும் பிள்ளைகள் அதைச் சொல்ல வேண்டும். உதடு பற்களின்மீது படியும் விதம் மாறுவதால் சில வாரங்கள் வாசிப்புத் தடுமாறும். கபடி, குத்துச்சண்டை விளையாடுவோருக்கு வாய்க்காப்பு தேவைப்படலாம்.

எல்லாக் கேள்விகளிலும் மேலானது 'உனக்கு எது குறையாகப் படுகிறது?' என்று பிள்ளையிடம் கேட்கப்படுவது. அம்மாவுக்கு எத்துப்பல் குறையாகத் தெரியும். பிள்ளைக்கோ பக்கத்துச் சிங்கப்பல்தான் உறுத்தலாக இருக்கும். வகுப்பில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குப் பெற்றோர் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. இரண்டாண்டுகள் தினமும் பொறுமையாகப் பல் துலக்கப் போவது பிள்ளைதான். தனக்கு வேண்டும் என்று அது எண்ணாவிட்டால் சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

முகமும் வாயும்

மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் முகத்தைப் பார்ப்பார். நேராகவும் பக்கவாட்டிலும் நிற்கச் செய்து நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஆகியவற்றின் பொருத்தத்தைக் கவனிப்பார். உதடுகள் சிரமமின்றி மூடுகின்றனவா, சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிகிறது, வாயைத் திறந்து மூடும்போது காதருகே உள்ள மூட்டில் சத்தமோ வலியோ உண்டா என்று பார்ப்பார்.

பிறகு சிறு கண்ணாடியால் வாயினுள் பார்த்துப் பற்களை எண்ணுவார். பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த பற்சூத்திரம் இங்கே பயன்படுகிறது. மேலும் கீழும் ஒவ்வொரு பக்கத்திலும் 2 வெட்டுப்பற்கள், 1 கோரைப்பல், 2 முன்கடைவாய்ப்பற்கள், 3 பின்கடைவாய்ப்பற்கள் என 8 பற்கள், மொத்தம் 32. எதாவது குறைந்தாலோ கூடினாலோ காரணம் தேட வேண்டும். சொத்தை, காரை, ஈறு வீக்கம் இருந்தால் குறித்துக்கொள்வார். மேல் முன்பல் எத்தனை மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது என்று சிறு அளவுகோலால் அளப்பதும் உண்டு. வெளியே நீண்டு நிற்கும் மேல் முன்பற்கள் கீழே விழும்போது எளிதில் உடைகின்றன. எனவே இது அழகு பற்றிய கணக்கு மட்டுமன்று.

கடித்துக் காட்டச் சொல்லி, மேல், கீழ் முதல் பின்கடைவாய்ப்பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பார்ப்பார். இந்தப் பொருத்தத்தை வைத்துக் கடியை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வெளியிட்டார். இன்றும் உங்கள் பிள்ளையின் சீட்டில் 'கிளாஸ் 1', 'கிளாஸ் 2', 'கிளாஸ் 3' என்று எழுதப்படுவது அதுவே. நோயின் கடுமையைக் குறிக்கும் எண் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

இதுவரை செய்யப்படும் எதிலும் வலி இராது. ஊசியும் இல்லை.

படங்களும் அச்சும்

சிகிச்சை தேவை என்று தெரிந்தால் ஆவணங்கள் எடுக்கப்படும். அன்றே எடுக்கலாம், மற்றொரு நாளைக்கும் தள்ளலாம். முகத்தையும், உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் கருவியை மாட்டிப் பற்களையும் புகைப்படம் எடுப்பர். அடுத்து இரண்டு எக்ஸ்ரே படங்கள். முதலாவது ஓ.பி.ஜி. எனப்படும் முழுவாய்ப் படம். நின்றபடியே இருக்க, கருவி தலையைச் சுற்றி வரும். முளைக்காத பற்கள், பிறவியிலேயே இல்லாத பற்கள், ஞானப்பல் படுத்திருக்கும் கோணம், வேர்களின் நீளம் எல்லாம் இதில் தெரியும். இரண்டாவது செஃபலோகிராம் எனப்படும் பக்கவாட்டுத் தலைப்படம். இதன்மீது புள்ளிகள் குறித்து, கோணங்கள் அளந்து, குறை பல்லிலா தாடையிலா என்று பிரித்தறிவர். இம்முறையை 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அறிமுகப்படுத்தினர். அதே படத்தில் தெரியும் கழுத்தெலும்புகளின் வடிவத்தைக் கொண்டு வளர்ச்சி எந்தக் கட்டத்தில் உள்ளது என்றும் கணிக்கின்றனர்.

கதிர்வீச்சு பற்றிப் பலர் கேட்கின்றனர். ஒரு ஓ.பி.ஜி. படத்தின் கதிர்வீச்சு, இயற்கையில் நம்மீது சில நாட்களில் படும் அளவே. ஆனாலும் தேவையின்றி எடுப்பதில்லை. அண்மையில் வேறிடத்தில் எடுத்த படம் இருந்தால் கொண்டு செல்லுங்கள். கர்ப்பிணிகள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

அச்சு எடுப்பதுதான் பிள்ளைகள் சற்றுச் சிரமப்படும் இடம். ஆல்ஜினேட் என்ற பொடியை நீரில் குழைத்து, ஒரு தட்டில் நிரப்பி வாயினுள் வைத்து அழுத்துவர். இது பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள். இரண்டு, மூன்று நிமிடங்களில் ரப்பர் போல உறைந்துவிடும். சிலருக்குக் குமட்டும். தலையைச் சற்று முன்னே குனிந்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் குமட்டல் அடங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாமல், இரண்டு மணி நேரம் முன்னதாக எளிதாக ஏதாவது சாப்பிட்டுச் செல்வது நல்லது. இப்போது பல இடங்களில் அச்சுக்குப் பதிலாகச் சிறு கேமரா கொண்டு பற்களை ஸ்கேன் செய்து கணினியில் பதிகின்றனர்.

பல்லை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்

ஆவணங்களை ஆராய்ந்து, பெரும்பாலும் சில நாட்கள் கழித்து, மருத்துவர் திட்டத்தைச் சொல்வார். குடும்பங்கள் அதிர்ந்துபோவது, 'நான்கு பற்களை எடுக்க வேண்டும்' என்று கேட்கும்போதுதான். பொதுவாக எடுக்கப்படுபவை முன்கடைவாய்ப்பற்கள். அவை நல்ல பற்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெஞ்சில் ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேரை நெருக்கினால் ஒருவர் வெளியே தள்ளப்படுவார் அல்லவா? தாடையின் நீளத்துக்கும் பற்களின் மொத்த அகலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் கணக்கிட்டே இம்முடிவு எடுக்கப்படுகிறது. முன்பற்கள் மிகவும் துருத்தி நின்றால், அவற்றைப் பின்னுக்கு இழுக்கவும் இடம் வேண்டும். பல் எடுத்த இடம் சிகிச்சையின் முடிவில் மூடிவிடும், ஓட்டையாக நிற்காது.

எல்லோருக்கும் இது தேவையில்லை. நெருக்கம் குறைவாக இருந்தால் மேல்தாடையை விரித்தோ, பற்களின் பக்கவாட்டு எனாமலை மிக மெல்லியதாகச் சீவியோ, பின்பற்களைப் பின்னுக்குத் தள்ளியோ இடம் உண்டாக்கலாம். 'எடுக்காமல் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்பது உங்கள் உரிமை. எக்ஸ்ரே படத்தையும் பல் மாதிரியையும் காட்டி விளக்கும் மருத்துவரே நல்ல மருத்துவர். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அந்த ஆவணங்களுடன் மற்றொருவரிடம் கருத்துக் கேட்கலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

வேர்நுனி சற்றுக் கரையக்கூடும், சரியாகத் துலக்காவிட்டால் கம்பியைச் சுற்றி வெள்ளைத் தழும்புகள் விழும் என்பன போன்ற பாதகங்களையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவு, காலம், தேர்வு

உலோகக் கம்பி, பல்நிறப் பீங்கான் வகை, பல்லின் உட்பக்கம் பொருத்துவது, கழற்றி மாட்டும் ஒளிபுகும் அலைனர் எனப் பல வகைகள் காட்டப்படும். விலை ஏற ஏறப் பலன் ஏறும் என்பதில்லை. சிக்கலான பல்வரிசைக்குச் சாதாரண உலோகக் கம்பியே நன்கு வேலை செய்யும். அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். சாப்பாட்டு வேளையில் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுக் குப்பையோடு எறியும் பிள்ளைக்கு அது ஏற்றதன்று.

தொகையைக் கேட்கும்போது, அதில் எக்ஸ்ரே, பல் எடுத்தல், உடைந்த பிராக்கெட்டை மீண்டும் ஒட்டுதல், கடைசியில் தரும் ரிடெய்னர் ஆகியவை அடங்குமா என்று தனித்தனியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் தவணை முறை உண்டு. ரிடெய்னர் என்பது கம்பியைக் கழற்றியபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும் கருவி. இதைப் பல ஆண்டுகள், பெரும்பாலும் இரவில், அணிய வேண்டும். கம்பி கழன்றதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி அதைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களின் பற்கள் மீண்டும் கோணலாகின்றன.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்ல வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை என்றால் பொதுத்தேர்வு நாட்களை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். கம்பி போட்ட முதல் சில நாட்களும், ஒவ்வொரு முறை முறுக்கிய பின்பும் பல் கூசும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அது வேண்டாம். அதைவிடப் பெரிய செய்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர் விடுதிக்குச் செல்லப் போகிறவர்கள் பற்றியது. பாதியில் மருத்துவரை மாற்றுவது கடினம். புதியவர் பொறுப்பேற்கத் தயங்குவார், கட்டணமும் புதிதாகத் தொடங்கும். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் கம்பி போட்டால் விடுதிக்குப் போகும் முன் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அடுத்த வருகைக்கு முன்

திட்டத்தை ஒப்புக்கொண்டபின் பற்களைச் சுத்தம் செய்து, சொத்தைகளை அடைத்து, எடுக்க வேண்டிய பற்களை எடுப்பர். முறுக்கு, தட்டை, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் ஆகியவற்றுக்கு இன்னும் தடையில்லை. அந்தத் தடை கம்பி போட்ட நாளில்தான் தொடங்கும். அதன்பின் கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் நறுக்கித்தான் சாப்பிட வேண்டும்.

கடைவாய்ப்பற்களில் உலோக வளையம் மாட்டுவதாக இருந்தால், சில நாட்கள் முன்னதாகப் பற்களின் இடுக்கில் சிறு ரப்பர் வளையங்களைச் செருகி அனுப்புவார்கள். இறைச்சி நார் சிக்கிக்கொண்டது போன்ற உறுத்தல் இரண்டொரு நாள் இருக்கும். அந்த இடத்தைக் குச்சியால் குத்தக் கூடாது. ரப்பர் கழன்று விழுந்துவிட்டால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். கம்பி போடும் நாளுக்கு இன்னும் நாள் இருந்தால் வேறொன்று செருகுவார்கள்; மறுநாளே போக வேண்டியிருந்தால் அப்படியே வரச் சொல்வார்கள்.